வால்வு வழிபாடு: பழைய முன்விரியலாக்கியும் புதிய ஐதீகமும்

பழைமைக்கு மதிப்பளித்தல் எல்லாச் சமூகங்களிலும் காணப்படும் இயல்பே. ஒரு பொருள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தமை அதன் பயனுக்கு ஒரு சான்றாகலாம். ஆயின், பழைமையே பயன் எனக் கொள்ளப்படும்போது ஆராய்ச்சி முடிந்து வழிபாடு தொடங்கிவிடுகிறது. இத்தகைய வழிபாடு சமயத்துறைக்கும் இலக்கியத்துறைக்கும் மட்டுமே உரியது என எண்ணுதல் தவறாகும். இலத்திரனியல் யுகத்தின் குழந்தையான மின்கிற்றார் இசையிலும் அது ஆழ வேரூன்றியுள்ளது. 1980களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே செய்யப்பட்ட, வெற்றிடக் குழாய்கள் பொருத்திய, சட்டகத்தில் ஏற்றிவைக்கும் கிற்றார் முன்விரியலாக்கிகளுக்கு இன்று அளிக்கப்படும் திருநிலை அதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

இக்கருவிகளைப் ‘பரீட்சித்துப் பார்ப்போர்’ கைக்கொள்ளும் முறை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. கைமாறி வந்த கருவியின் மூடி கழற்றப்படுகிறது. உள்ளே வால்வுகளின் செந்நிற ஒளி கண்டு மகிழப்படுகிறது. பின்னர் வலுமிக்க விரியலாக்கியுடனும் பெரிய ஒலிபெருக்கிகளுடனும் அது இணைக்கப்பட்டு, உரத்த சுரக்கூட்டு ஒன்று மீட்டப்படுகிறது. உடனே தீர்ப்பு வெளிவருகிறது: இதில் வெதுவெதுப்பு உண்டு, ஆழம் உண்டு, உயிர் உண்டு, இன்றைய எண்முறைக் கருவிகள் எவையும் இதற்கு ஈடாகா. தீர்ப்புக் கூறியவர் கருவியின் வயதை அறிவார், விலையை அறிவார், வால்வுகளைக் கண்ணாற் கண்டுமுள்ளார். காது மட்டும் தனித்துச் சாட்சி சொல்ல வாய்ப்பளிக்கப்பட்டதா என்பதே எஞ்சி நிற்கும் வினா.

இத்தீர்ப்பு அப்பரீட்சையிலிருந்து பிறக்கவில்லை. பரீட்சைக்கு முன்பே அது முடிவாகியிருந்தது. பயனின்றியும் விளைவின்றியும் இருக்கும் ஒரு மூடநம்பிக்கையாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இந்நம்பிக்கை யார் இசை செய்யலாம், யார் செய்ய இயலாது என்பதனைத் தீர்மானிக்கும் வலிமை பெற்றுள்ளது. ஆதலின் அதனைக் கூர்ந்து நோக்குதல் அவசியமாகிறது.

1. கருவியும் அதன் கூறுகளும்

மின்கிற்றாரின் கம்பி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மிக மெல்லிய மின்சமிக்ஞை ஒன்று தூண்டப்படுகிறது. அதனை முதலில் ஏற்று, வளர்த்து, தொனியைச் சீர்செய்து கொடுப்பது முன்விரியலாக்கி. அதன்பின் ஒலிபெருக்கியை இயக்கவல்ல வலுவை ஊட்டுவது வலுவிரியலாக்கி. இறுதியாக, தாட்கூம்பு கொண்ட ஒலிபெருக்கி அச்சமிக்ஞையைக் காற்றில் அதிர்வாக்குகிறது. மரபான கிற்றார்ப் பெட்டிகளில் இம்மூன்றும் ஒன்றாகவோ, இரு பெட்டிகளாகவோ இருந்தன. 1980களில் அவை பிரிக்கப்பட்டு, 19 அங்குல அகலமுள்ள உலோகச் சட்டகங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. அச்சட்டகமும் இசைவாணர் கண்டதன்று. தொலைபேசி நிலையங்களின் உபகரணங்களைத் தாங்குவதற்காக இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அமைந்த அளவு அது. ஓர் அலகின் உயரம் ஒன்றேமுக்கால் அங்குலம்.

கலிபோர்னியாவின் ஏ.டி.ஏ. நிறுவனம் 1987இல் வெளியிட்ட எம்.பி.-1 இவ்வகையின் தலையாய கருவியாகக் கருதப்படுகிறது. ஓரலகு உயரமேயுள்ள அப்பெட்டியினுள் 12ஏ.எக்ஸ்.7 வகை வால்வுகள் இரண்டு உள்ளன. வாசிப்போர் அமைத்த 128 தொனிகளை அது நினைவில் வைத்திருக்கும். கருவிகள் ஒன்றோடொன்று உரையாடுவதற்காக 1983இல் அறிமுகமான ‘மிடி’ என்னும் பொதுமுறை வாயிலாக, காலாற் பொத்தானை மிதித்த கணத்தில் ஒரு தொனியிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். ஒரே குரலைப் பல குரல்கள்போற் பரப்பிக் காட்டும் ‘கோரஸ்’ விளைவும் அதனுள்ளேயே உண்டு. 1990களின் தொடக்கத்தில் மெசா/பூகியின் ட்ரையாக்சிஸ், மார்ஷலின் ஜே.எம்.பி.-1 ஆகியனவும், வால்வு முன்விரியலாக்கியோடு எண்முறை எதிரொலி, முழக்கம் முதலிய விளைவுகளையும் ஒரே பெட்டியில் இணைத்த டிஜிடெக் ஜி.எஸ்.பி.-2101 போன்றனவும் அவ்வழியிலே தோன்றின.

எம்.பி.-1இன் உள்ளமைப்பை நோக்குவோர்க்கு ஓர் உண்மை உடனே புலப்படும். கிற்றாரின் சமிக்ஞை வால்வுகளை மட்டும் கடந்து செல்வதில்லை. நினைவில் உள்ள தொனியை மீட்டெடுக்கவேண்டுமாயின் அளவுகளை மின்முறையாற் கட்டுப்படுத்த வேண்டும். அப்பணியைச் செய்வன குறைகடத்திச் சில்லுகள். கோரஸ் விளைவு முழுவதும் சில்லுகளின் வேலையே. போதாக்குறைக்குத் திண்மநிலைக் குரல், தெளிந்த வால்வுக் குரல், திரிபுற்ற வால்வுக் குரல் என மூன்று குரல்களை அக்கருவி வழங்கியது. அதாவது, வால்வையும் சில்லையும் பகைவராக அன்றித் துணைவராகக் கருதிய பொறியியலாளரின் படைப்பு அது. இன்று ‘தூய வால்வின் குரல்’ எனப் போற்றப்படும் பெட்டியில் தூய்மை என்பது எக்காலத்திலும் இருந்ததில்லை. இதனை அறிந்தும் மறைப்போர் வணிகர். அறியாது போற்றுவோர் அடியார்.

2. பழுதிலே பிறந்த அழகு

வால்வுக் குரலின் மாட்சி பற்றிப் பேசுவோர் பெரிதும் கருதுவது அதன் திரிபொலியையே. சமிக்ஞை தாங்கும் அளவை மீறும்போது அலையின் உச்சி நசுங்கிப் புதிய மேற்றொனிகள் தோன்றுவதே திரிபு. அதன் வரலாறு வால்வு வழிபாட்டினர்க்குச் சங்கடமானது.

வால்வைக் கண்டவர்கள் திரிபை விரும்பவில்லை. 1904இல் ஆங்கிலப் பொறியியலாளர் அம்புரோஸ் பிளெமிங் இருவாயையும், 1906இல் அமெரிக்கர் லீ டி பொரெஸ்ட் அதனுட் கட்டுப்படுத்தும் மூன்றாவது முனையைச் சேர்த்த குழாயையும் படைத்த காலந்தொட்டு, சமிக்ஞையைப் பழுதின்றி வளர்ப்பதே பொறியியலின் குறிக்கோளாயிருந்தது. திரிபு என்பது குறை. கைந்நூல்கள் அதனை அவ்வாறே குறித்தன. அக்குறையை அழகாக்கியவர்கள் வறுமையிலும் விபத்திலும் இசை செய்தவர்கள். 1951இல் மெம்பிஸ் நகரிற் பதிவான ‘ரொக்கெற் 88’ என்னும் பாடலின் கரகரத்த கிற்றார் ஒலி, பயணத்திற் பழுதடைந்த ஒரு பெட்டியிலிருந்து எழுந்ததாகக் கூறப்படுகிறது. 1958இல் லிங் ரே தம் ஒலிபெருக்கியின் தாளிலே துளையிட்டார். 1964இல் இலண்டனின் கிங்ஸ் குழுவினரான டேவ் டேவிஸ் சவர அலகினால் அதனைக் கீறினார். இவற்றுட் பின்னைய இரண்டிலும் குரலைத் தந்தது வால்வன்று, கிழிந்த தாளே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவற்றினும் பெரிய சான்று நாஷ்வில் நகரில் உண்டு. மார்ட்டி ரொபின்ஸின் பாடலொன்று பதிவாகிக்கொண்டிருந்தபோது ஒலிப்பதிவு மேசையின் ஒரு பகுதி பழுதுற்று, கிராடி மார்ட்டின் வாசித்த தாழ்சுரத் தனியிசை விசித்திரமாக இரைந்தது. அவ்விரைச்சலை இசைவாணர் விரும்பினர். ஆயின் பழுதுற்ற பகுதி நிலையாக உழைக்காது. ஆகவே பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்னொடி அவ்வொலியைத் தரவல்ல தனிச் சுற்றொன்றை வகுத்தார். அச்சுற்றில் இருந்தவை வால்வுகளல்ல, ஜேர்மானியம் திரான்சிஸ்டர்கள். 1962இல் மயெஸ்ட்ரோ பஸ்-ரோன் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சற்றிஸ்பக்சன்’ பாடலில் உலகமே கேட்ட குரல் அதுவே. வால்வு மேசையின் பழுதைத் திரான்சிஸ்டர் கொண்டு மீளப் படைக்கலாம் என்பது ஆறு தசாப்தங்களுக்கு முன்னரே நிறுவப்பட்டுவிட்டது. ஜிமி ஹென்றிக்ஸ் கையாண்ட பஸ் பேஸ் என்னும் சிறு வட்டப் பெட்டியிலும் இரண்டு திரான்சிஸ்டர்களே இருந்தன.

வால்வே இல்லாத விரியலாக்கிகளும் தம் பங்கைச் செய்துள்ளன. புளூஸ் இசையின் பேராளுமையான பி. பி. கிங் நெடுங்காலம் பயன்படுத்திய லாப் சீரிஸ் எல்-5 திண்மநிலைக் கருவி. 1975இல் வெளிவந்த ரோலண்டின் ஜாஸ் கோரஸ் அவ்வகையினதே. டெப் லெப்பர்ட் குழுவின் 1987ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘ஹிஸ்டீரியா’விற் கேட்கும் கிற்றார் ஒலிகளின் பெரும்பகுதி, பொஸ்டன் குழுவின் தலைவரும் பொறியியலாளருமான டொம் ஷோல்ஸ் வகுத்த ரொக்மான் என்னும் திண்மநிலைச் சிறுகருவியினூடாக வந்தது. இவற்றைக் கேட்டு உருகியவர்கள், உள்ளே கண்ணாடிக் குழாய் இல்லை என அறிந்தபின் தம் உருக்கத்தைத் திரும்பப் பெறுவார்களா?

3. நேற்றைய புதுமை, இன்றைய புராதனம்

சட்டக முன்விரியலாக்கி தோன்றிய காலத்தில் அது புதுமையின் கொடியாகவே உயர்த்தப்பட்டது. நினைவகம், மிடி, எண்முறைக் கட்டுப்பாடு ஆகியவையே அதன் விளம்பரச் சொற்கள். அன்றைய பழைமைவாதிகள் அதனை வெறுத்தனர். நேராகப் பெட்டியிற் கம்பியைச் செருகி வாசிப்பதே ஆண்மை என்றும், சட்டகம் இசையைக் குளிரூட்டிவிட்டது என்றும் அவர்கள் குறை கூறினர். 1990களிற் சுவை மாறியது. சியாட்டிலிலிருந்து எழுந்த கரடுமுரடான இசை அலையின்முன் மின்னும் சட்டகங்கள் ஆடம்பரத்தின் சின்னங்களாகத் தோன்றின. மலிவு விலையில் அவை கைமாறின.

அவ்வலையின் நாயகரான கேர்ட் கோபெய்ன் கையாண்டது யாது? மெசா/பூகியின் சட்டக வால்வு முன்விரியலாக்கி. அதன்பின் பொது ஒலிபரப்பு மேடைகளுக்கென அமைந்த திண்மநிலை வலுவிரியலாக்கிகள். முன்னே சில குறைகடத்திக் காற்பெட்டிகள். இரசிகர் கூட்டம் சட்டகத்தை எதிர்த்த அதே வேளையில் அவர்களின் நாயகர் சட்டகத்தின்மூலம் பேசிக்கொண்டிருந்தார். கருவி பற்றிய கோட்பாடு ஒரு வழியும் கருவியின் பயன்பாடு மற்றொரு வழியும் செல்வதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இன்று அச்சட்டகங்களே ‘புராதனம்’ என்ற பட்டத்துடன் மீண்டுள்ளன. குளிர்ந்தது எனப்பட்ட அதே குரல் இப்போது வெதுவெதுப்பானது எனப்படுகிறது. இடைப்பட்ட காலத்திற் சுற்று மாறவில்லை. வால்வின் பௌதிகம் மாறவில்லை. மாறியது ஒன்றே: அவை மேலும் செய்யப்படுவதில்லை. கிடைப்பதற்கு அரிதானமை கேட்பதற்கு இனியதாக மாறியதே இவ்வரலாற்றின் சாரம்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. முப்பது, நாற்பது ஆண்டு கடந்த கருவி தான் பிறந்த நாளின் கருவியன்று. மின்பகு கொள்ளளவிகள் காலப்போக்கில் வரண்டு தம் பெறுமானத்தை இழக்கின்றன. நினைவைக் காத்த சிறு மின்கலம் ஓய்ந்துபோகிறது. அழுத்தமானிகளிலும் செருகிகளிலும் துரு ஏறுகிறது. வால்வுகள் பலமுறை மாற்றப்பட்டிருக்கும். ஆகவே இன்று பரீட்சிப்பவர் கேட்பது 1987இன் குரலையன்று; ஒன்றில் முதுமையின் தளர்ச்சியை, அன்றேல் பழுதுபார்த்தவரின் தெரிவுகளை. அதனை ‘மூலக்குரல்’ எனப் போற்றுதல், செல்லரித்த ஏட்டின் ஓட்டைகளையும் புலவர் வாக்காகப் பொருள்கொள்வதற்கு ஒப்பாகும்.

4. வால்வு செய்வது யாது?

இவற்றால் வால்வுக்கும் திரான்சிஸ்டருக்கும் வேறுபாடே இல்லை என்பது பெறப்படாது. வேறுபாடு உண்டு; அது அளந்தறியத்தக்கது என்பதே வாதம்.

12ஏ.எக்ஸ்.7 வால்வு 1940களின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது. ஐரோப்பாவில் அதன் பெயர் ஈ.சி.சி.83. ஒரு கண்ணாடிக் குழாயினுள் இரண்டு முவ்வாய்கள். ஒவ்வொன்றினதும் விரியற் காரணி 100. சூடேறிய கதோட்டிலிருந்து எழும் இலத்திரன்களை அனோட்டு ஈர்க்கிறது. இடையிலுள்ள நெய்யரி தன்மீது விழும் சிறு சமிக்ஞைக்கேற்ப அவ்வோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கிறது. சமிக்ஞை அளவு மீறும்போது பொதுவான வால்வுச் சுற்று அலையின் இரு பாதிகளையும் ஒரே சீராக நசுக்குவதில்லை. நசுக்குதலும் படிப்படியாக நிகழ்கிறது. அதனால் அடிப்படை மீடிறனின் இருமடங்கான மேற்றொனி வலுப்பெறுகிறது. அடிப்படையை ஸட்ஜம் எனக் கொண்டால் இருமடங்கு மேல்ஸ்தாயி ஸட்ஜமாகும். மும்மடங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமமாகும். ஏழாவது போன்ற உயர்ந்த ஒற்றை மடங்குகள் பழகிய சுரத்தானங்களுக்கு இசைந்து அமையாதவை. அவை மிகும்போது காது கரகரப்பை உணர்கிறது. சடுதியாகவும் சமச்சீராகவும் நசுக்கும் சுற்றுகளில் ஒற்றை மடங்குகள் மேலோங்குகின்றன.

இதனை 1973இலேயே ரசல் ஹாம் என்னும் பொறியியலாளர் ஒலிப் பொறியியற் கழகத்தின் சஞ்சிகையில் விளக்கியுள்ளார். ஒலிவாங்கி முன்விரியலாக்கிகளை அளவுக்கு மீறி இயக்கி, வால்வு, திரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று ஆகிய மூன்றும் வெவ்வேறு மேற்றொனிக் கோலங்களைத் தருவதை அவர் காட்டினார். வால்வு அன்பர்கள் அடிக்கடி எடுத்தாளும் கட்டுரை அது. ஆயின் அவர்கள் அதன் பாதியையே எடுத்தாளுகின்றனர். அக்கட்டுரை வேறுபாட்டை ஆன்மாவிடம் ஒப்படைக்கவில்லை, வரைபடத்தில் வைத்தது. வரைபடத்தில் வைக்கத்தக்கதை வேறொரு சுற்றாலும் எட்ட முயலலாம். நேற்று இயலாதது நாளை இயலும்.

அதற்கும் சான்று உண்டு. அமெரிக்கப் பொறியியலாளர் பொப் காவர் 1985இல் ‘ஸ்டீரியோபைல்’ சஞ்சிகையினர்க்கு ஓர் அறைகூவல் விடுத்தார். அவர்கள் தெரிவுசெய்யும் விலையுயர்ந்த விரியலாக்கியின் நடத்தையைத் தமது மலிவான திரான்சிஸ்டர் கருவியில் ஓரிரு நாள்களுக்குள் மீளமைத்துக் காட்டுவதாக உரைத்தார். இரு கருவிகளின் வெளியீடுகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சும் வேறுபாட்டை அவர் படிப்படியாகக் குறைத்துச் சென்றார். ஒப்பிடப்பட்டது வால்வு விரியலாக்கி. முடிவில் தேர்ந்த காதுகளையுடைய சஞ்சிகையாளராலும் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. அது இல்லங்களில் இசைத்தட்டுக் கேட்பதற்கான விரியலாக்கி பற்றியது. அளவு மீறித் திரிபுறும் கிற்றார் ஒலி பற்றியதன்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் அது காட்டிய நெறி பொதுவானது: குரல் என்பது உறுப்பின் குலத்தில் இல்லை, சுற்றின் நடத்தையில் உள்ளது.

வால்வு இருப்பது வால்வின் குரலுக்கு உத்தரவாதமுமன்று. அவ்வால்வு தன் இயல்பிலே உழைப்பதற்கு 200, 300 வோல்ற் அளவிலான அழுத்தம் வேண்டும். மலிவான பெட்டிகள் சிலவற்றில் அதன் சிறு பகுதியே ஊட்டப்படுகிறது. திரிபைத் தருவது வேறு சுற்று. குழாய் சாட்சிக்கு நிற்கிறது. சிலவற்றிற் குழாயின் பின்னே செம்மஞ்சள் நிற ஒளியுமிழ் இருவாயொன்று பொருத்தப்பட்டுள்ளது. வால்வு ஒளிர்வதாகக் கண் மயங்கும். வெதுவெதுப்பு விற்பனைக்குரிய நிறமாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

5. பரீட்சை எவ்வாறு அமையவேண்டும்?

மேலே கூறிய வழக்கமான ‘பரீட்சை’யிற் குறைந்தது மூன்று பிழைகள் உள்ளன.

முதலாவது, ஒலியளவு சமப்படுத்தப்படுவதில்லை. மனிதச் செவி தாழ்ந்த சுரங்களையும் உயர்ந்த சுரங்களையும் உரத்த நிலையிலேயே நன்கு உணர்கிறது என்பதனைப் பிளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினர். ஆகவே இரு கருவிகளில் சற்றே உரத்தது நிறைந்த குரலுடையதாகத் தோன்றும். ஒலியளவில் மிகச் சிறிய வேறுபாடுகூடத் தரத்தின் வேறுபாடாக உணரப்படும். பழைய கருவி உரக்க முழங்கும்போது புதிய கருவி மெல்லப் பேசுமாயின் ஒப்பீடு முடிந்துவிட்டது. தீர்ப்பு ஒலிக்கட்டுப்பாட்டுத் திருகியினுடையது.

இரண்டாவது, முழுச் சங்கிலியும் கருத்திற் கொள்ளப்படுவதில்லை. பன்னிரண்டு அங்குலக் கிற்றார் ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸ் மீடிறனுக்கு மேற்பட்டவற்றைப் பெருமளவு உதிர்த்துவிடுகிறது. எந்த முன்விரியலாக்கியையும், அது எத்துணை புகழ்பெற்றதாயினும், அவ்வொலிபெருக்கியோ அதற்கு ஈடான வடிசுற்றோ இன்றி நேராக இல்லத்து இசைப்பெட்டியுடன் இணைத்தால், எழுவது வெதுவெதுப்பன்று. போத்தலிலடைத்த வண்டின் இரைச்சலே. வெதுவெதுப்பின் பெரும்பங்கு தாட்கூம்பின் கொடை. புகழோ கண்ணாடிக் குழாய்க்குச் செல்கிறது. ஒலிபெருக்கியையும் அறையையும் மாற்றி ஒப்பிடுவோர் எதனை ஒப்பிட்டனர் என்பது அவர்க்கே தெரியாது.

மூன்றாவது, பரீட்சிப்பவர் கருவியைக் கண்டவாறே கேட்கிறார். மருந்தைச் சோதிப்போர் எவர்க்கு எது கொடுக்கப்பட்டது என்பதனை மறைக்கின்றனர். பரீட்சைத்தாளைத் திருத்துவோர்க்கு மாணவரின் பெயர் மறைக்கப்பட்டுச் சுட்டெண்ணே கொடுக்கப்படுகிறது. இவற்றையெல்லாம் நியாயமெனக் கொள்ளும் கல்வியுலகத்தவர், இசைக்கருவி என்றவுடன் திரையை விலக்கிவிட்டு வயதையும் விலையையும் கண்முன் நிறுத்திக் கேட்பதனை எவ்வாறு ஏற்பர்?

ஆகவே செய்யவேண்டியது எளியது. ஒரே கிற்றாரில் ஒருமுறை வாசித்ததைப் பதிவுசெய்து, அதே பதிவை இரு கருவிகளுக்கும் ஊட்டவேண்டும். வெளியீடுகளை அளவுகருவி கொண்டு சமப்படுத்தவேண்டும். ஒரே வலுவிரியலாக்கியும் ஒரே ஒலிபெருக்கியும் இருத்தல்வேண்டும். எது எது என அறியாதவாறு பலமுறை கேட்டு, பெயர் கூறச் செய்யவேண்டும். அவ்வாறு செய்தபின்னும் பழைய கருவி தனித்துத் தெரியுமாயின் அதன் சிறப்பை எவரும் மறுப்பதற்கில்லை. அச்சிறப்பு யாது எனத் தேடும் பணி அப்போது தொடங்கும். செய்யத் துணியாதவர்கள் தாம் கேட்டதாகக் கூறுவதை நம்பிக்கை என்று அழைக்கலாம். அறிவு என்று அழைத்தலாகாது.

இங்கு ஒரு மறுப்புரை எழுவதுண்டு. கேட்பவர்க்கு வேறுபாடு தெரியாதிருக்கலாம்; விரலுக்குத் தெரியும்; மென்மையாகத் தொட்டால் தெளிவதும் அழுத்தித் தொட்டால் கனல்வதும் வால்வுக்கே இயலும் என்பர். இம்மறுப்பைப் புறக்கணித்தல் தகாது. வாசிப்பவரின் விரலுக்கும் கருவியின் விடைக்கும் இடையிலான உறவு உண்மையானது. ஆனால் அவ்வுறவும் அளவிடத்தக்கதே. வாசிப்பவரையே திரைக்கு முன்னிருத்திப் பரீட்சிக்கலாம். அன்றியும் அவர்கள் போற்றும் உணர்வின் பல கூறுகள், அழுத்தித் தொடும்போது மின்வழங்கி தளர்வதும் உரத்த ஒலி கிற்றாரின் கம்பியைத் திரும்ப அதிரச் செய்வதும் போன்றன, வலுவிரியலாக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் உரியவை. சட்டகத்திலுள்ள முன்விரியலாக்கியின் கணக்கில் அவற்றை எழுதுதல் பிறர் உழைப்பைத் தன்னதாகப் பதிவதாகும்.

இன்னொரு மறுப்புரை, பழைய கருவிகளைக் கையாற் பழுதுபார்க்கலாம், புதியவற்றை எறியவே வேண்டும் என்பது. 1950களின் எளிய வால்வுப் பெட்டிகளைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மை. பாராட்டத்தக்க உண்மையும் ஆகும். ஆனால் நுண்செயலியும் நினைவகமும் கைவிடப்பட்ட சில்லுகளும் நிறைந்த 1980களின் சட்டகக் கருவிக்கு இவ்வாதம் பொருந்துமாறு இல்லை. அங்கு வால்வை மாற்றுதல் எளிது. சில்லை மாற்றுதலே அரிது.

6. பண்டமும் ஐதீகமும்

இந்நம்பிக்கை ஏன் நிலைத்துள்ளது என்ற வினாவுக்கு விடை ஒலியியலில் இல்லை, சந்தையிலே உள்ளது. ஒரு காலத்தில் வானொலி, தொலைக்காட்சி, இராணுவம் ஆகியவற்றிற்காகப் பேரளவில் வால்வு செய்த தொழிற்சாலைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. இங்கிலாந்தின் பிளக்பேர்ண் நகரில் முல்லார்ட் தொழிற்சாலை செய்த பழைய குழாய்கள் இன்று சேகரிப்போரின் அரும்பொருள்கள். இன்றைய வழங்கல் உருசியாவின் சரத்தோவ், சுலோவாக்கியா, சீனா ஆகிய சில இடங்களையே நம்பியுள்ளது. 2022 மார்ச்சில், உக்ரேன் போரை அடுத்து உருசிய ஏற்றுமதி தடைப்பட்டபோது கிற்றார் வாசிப்போரிடையே கலக்கம் பரவியது, விலைகள் ஏறின. அருமை மிகுந்தால் விலை மிகும். விலை மிகுந்தால் மதிப்பு மிகுந்ததாகத் தோன்றும். அம்மதிப்பைக் காக்க ஐதீகம் வேண்டும்.

மனித உறவுகளினாலும் உழைப்பினாலும் விளைந்த பயனைப் பொருளின் உள்ளுறை மாயமாகக் காணுதலே பண்ட வழிபாடு. கிற்றார்க் குரலில் மேதைமை உண்டாயின் அது விபத்தைக் கேட்டு வியந்த காதில் உண்டு; அதனை மீளப் படைக்க முயன்ற பொறியியலாளரின் சிந்தையில் உண்டு; பல்லாண்டு பயின்ற விரலில் உண்டு; நுண்ணிய கம்பிகளைக் கண்ணாடியுள் பொருத்திய தொழிலாளரின் கையிலும் உண்டு. இவர்கள் அனைவரையும் அழித்துவிட்டு ஒளிரும் குழாய் ஒன்றையே கருத்தாவாக நிறுத்துவது, கவிதையை எழுத்தாணிக்கு உரியதாக்குவது போன்றதே.

இவ்வழிபாட்டின் விலையை உண்மையிற் செலுத்துவோர் இளைஞர்கள். பழைய சட்டகமும் வலுவிரியலாக்கியும் பெரும் ஒலிபெருக்கிகளும் இன்றி ‘உண்மையான’ குரல் கிட்டாது எனக் கூறப்படும் மாணவர், அவற்றை வாங்க வழியின்றித் தம் முயற்சியையே கைவிடலாம். அல்லது பயிற்சிக்குச் செலவிடவேண்டிய ஆண்டுகளைப் பொருள் தேடலிற் கழிக்கலாம். 1998இல் வெளிவந்த லைன் 6 நிறுவனத்தின் பொட் முதல், ஒரு கருவியின் நடத்தையைப் பதிந்தெடுக்கும் இன்றைய கருவிகள் வரை, இத்தடையைத் தகர்க்கும் வழிகள் பெருகியுள்ளன. இன்று நியூரல் அம்ப் மொடலர் போன்ற, மூலநிரல் திறந்த மென்பொருள்களை எவரும் இலவசமாகப் பெறலாம். யாரோ ஒருவரின் அரிய வால்வுப் பெட்டியைப் பதிவின்மூலம் கற்று, அதன் குரலைச் சாதாரண கணினியில் அவை மீட்டுத் தருகின்றன. அம்மீட்பு எவ்வளவு செம்மையானது என்பது திரைக்குப் பின்னே பரீட்சிக்கப்படவேண்டியதே. முன்கூட்டியே போற்றவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். எண்முறைக் கருவியை வணங்குதலும் மற்றொரு வழிபாடாகவே முடியும். ஆனால் ஒருவர் வீட்டில் பூட்டிவைத்த குரல் பலர் கைக்கும் வந்துவிட்டது என்பது சமூக முக்கியத்துவமுடைய நிகழ்வாகும். அதனை இகழ்வோரின் குரலில் இசையின்மீதான அன்பைவிட உடைமையின்மீதான அச்சமே மிகுந்து ஒலிக்கிறது.

பழைய முன்விரியலாக்கிகளை உடைத்தெறிய வேண்டும் என எவரும் கேட்கவில்லை. தொழினுட்ப வரலாற்றின் ஆவணங்களாக அவை பேணப்படவேண்டும். வாசிப்பவர்க்குப் பிடிக்குமாயின் வாசிக்கப்படவும் வேண்டும். விருப்பத்திற்கு நிரூபணம் தேவையில்லை. ஆனால் தனிப்பட்ட விருப்பத்தை ஒலியின் இயற்கை விதியாக்கி, அவ்விதியைக் காட்டி விலை கூட்டி, அவ்விலையைக் காட்டி இல்லாதோரை வாயிலில் நிறுத்தும்போது நிரூபணம் கேட்பது உரிமையாகிறது. வால்வுக் குரலின் சிறப்பு உண்மையாயின் அது திரைக்குப் பின்னேயும் சிறப்பாகவே ஒலிக்கும். அப்பரீட்சையைக் கண்டு அஞ்சுவோர் காக்க விழைவது அக்குரலையன்று.